பெண் குருவி பார்த்துத் தேர்ந்த வீடு

ஓடைக்கரை மரத்தில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளைக் கூர்ந்து பாருங்கள். சிலவற்றில் வாசல் குழாய் இருக்காது, அடிப்பக்கம் திறந்தே கிடக்கும். காற்று பிய்த்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் அவற்றில் பல, பெண் குருவிகள் வேண்டாமென்று ஒதுக்கியவை.

இந்தக் குடும்ப ரகசியத்தைத் துலக்கியவர் பறவையியலாளர் சாலிம் அலி. 1930இல் வேலையின்றி இருந்தபோது, பம்பாய்க்கு அருகே கடலோரக் கிஹிம் கிராமத்தில் தங்கி இக்குருவிகளைக் கவனித்தார். 1931இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளியான அவரது கட்டுரை அவருக்குப் பெரும்பெயர் தந்தது.

கூடு கட்டுவது ஆண். இனப்பெருக்கக் காலத்தில் அதன் உச்சந்தலை மஞ்சளாகும். நெல் இலையின் ஓரத்தை அலகால் கடித்து, பறந்தபடியே நீள நாராக இழுத்தெடுக்கும். கிளையில் முடிச்சிட்டுத் தொங்கவிட்டுப் பின்னத் தொடங்கும். பாதிக்கூடு தலைக்கவச வடிவம் எடுக்க ஏறத்தாழ எட்டு நாள் ஆகும். அப்போதுதான் பெண்கள் பார்வையிட வருகின்றன. பிடித்தால் ஜோடி சேரும். ஆண் முட்டை அறையையும் குழாயையும் முடிக்கும். முழுக்கூட்டுக்குச் சுமார் 18 நாள் ஆகிறது. உள்ளே ஈரமண்ணும் அப்பப்பட்டிருக்கும்.

அத்தோடு ஆண் ஓய்வதில்லை. அருகிலேயே அடுத்த கூட்டைத் தொடங்கி இன்னொரு பெண்ணை அழைக்கும். அடைகாப்பது பெண் மட்டுமே. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வெள்ளை முட்டைகள்; இரண்டு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான நாளில் குஞ்சு பொரியும்.

நீருக்கு மேல் சாய்ந்த கிளை, முள்மரம், பனை ஆகியவற்றை இவை விரும்புவது பாம்பும் பிற எதிரிகளும் எளிதில் அண்டாததால். பக்கத்தில் நாருக்கு வயலும் உணவுக்குத் தானியமும் வேண்டும். குஞ்சுகளுக்குப் பூச்சிகளும் வேண்டும். கொல்லிமலையின் திண்ணனூர் நாடு போன்ற இடங்களில் பள்ளத்தில் நெல்லும் மேட்டில் சாமை, கேழ்வரகும் விளைவது தானியம் தின்னும் பறவைகளுக்கெல்லாம் பெரிய ஆதரவு. ஓடைக்கரை மரத்தை வெட்டி, வயலில் பூச்சிமருந்தைக் கொட்டினால் கூடு கட்டும் இடமும் குஞ்சின் உணவும் ஒருசேரப் போய்விடும்.

பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டுமென்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது. அந்தக் காவல் ஓடைக்கரையின் மற்ற மரங்களுக்கும் கிடைக்க வேண்டும். மழைக்காலக் காலையில் கூடுகளை எட்ட நின்று பாருங்கள். அழகுக்காகக் கூட்டை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். உள்ளே குஞ்சு இருக்கக்கூடும்.