கல்லடிப் பாலத்து நெரிசலுக்கு இலவச பஸ் மருந்தாகுமா?

பள்ளிக்கூட நாளில் காலை ஏழு மணிக்குக் கல்லடிப் பாலத்தடியில் நின்று பாருங்கள். பெற்றோல் தாங்கியின் மேல் சின்னப்பிள்ளை, பின்னால் பெரியபிள்ளை, இரண்டு புத்தகப் பையும் கைப்பிடியில் தொங்க, ஒரு மோட்டார் சைக்கிள் போகும். அதன் பின்னால் அதே கோலத்தில் இன்னும் பத்து. நடுவில் மாட்டிக்கொண்ட பஸ் ஹோன் அடித்தபடி நகரும்.

மட்டக்களப்பின் கிடை அப்படி. பட்டணத்தின் நடுவான புளியந்தீவு வாவிக்குள் கிடக்கிறது. தெற்கே கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி என்று கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் ஊர்கள் நெருங்கி நிற்கின்றன. அந்தச் சனமெல்லாம் பட்டணத்துக்கு வரும் வாசல் இந்தப் பாலம்தான். 1924இல் கட்டிய லேடி மன்னிங் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்களே போக முடிந்தது. 2013இல் ஜப்பானிய உதவியோடு பக்கத்திலேயே புதுப்பாலம் வந்தது. அடுத்த வருடம் மண்முனைத்துறையிலும் பாலம் வர, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைச் சனம் அங்கே 'பாதை'க்குக் காத்துநின்ற காலம் முடிந்தது. (வாவியைக் கடத்திவிடும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம்.) இனி எத்தனை பாலம்தான் கட்டுவது?

பஸ்ஸை இலவசமாக்கினால் வாகனம் குறையும் என்ற யோசனையை வேறு ஊர்கள் செய்து பார்த்துவிட்டன. எஸ்தோனியத் தலைநகர் தாலின் 2013இல் தன் நகரவாசிகளுக்குக் கட்டணத்தை நீக்கியது. பஸ்ஸில் கூட்டம் கூடியது. ஆனால் அதில் பெரும் பங்கு முன்பு நடந்து போனவர்கள். காரை விட்டு வந்தவர்கள் கொஞ்சம்தான். லக்சம்பர்க் 2020இல் நாடு முழுக்க இலவசமாக்கியும் அங்கே கார்கள் குறைந்தபாடில்லை.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் இலவசப் பயணம் வேறு கதை. சாதாரணக் கட்டண பஸ்களில் ஏறும் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக அம்மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கண்டது. வேலைக்குப் போகும் பெண்ணின் கையில் அது பெரிய காசு. அந்தத் திட்டத்தை நெரிசலை வைத்து அளப்பது நியாயமில்லை.

எங்களுக்கும் ஒரு பாடம் நடந்தது, நாங்கள் கேட்காமலே. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டால் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். வீதி வெளித்தது, பழைய சைக்கிள்கள் தூசு தட்டி வெளியே வந்தன. அந்த வருடம் பஸ் கட்டணம் பல தடவை ஏறியது; இடையில் கொஞ்சம் இறங்கினாலும் வருடத் தொடக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது. ஆனாலும் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. சனத்தை வண்டியிலிருந்து இறக்கியது பெற்றோல் தட்டுப்பாடு.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் டிக்கெட் காசை எண்ணுவதில்லை. ஆறு மணிக்கு டியூசன் முடியும் பிள்ளையை யார் கூட்டிவருவது என்றுதான் யோசிக்கிறார். ஆள் நிறையும்வரை தரிப்பில் நிற்கும் பஸ்ஸை இலவசமாக்கினாலும் அது நின்றுகொண்டுதான் இருக்கும்.

காசு இருந்தால் இப்படிச் செலவிடலாம் என்பேன். மானியம் போக மிஞ்சும் மாணவர் பருவச்சீட்டுக் கட்டணத்தையும் அரசே ஏற்கட்டும். படுவான்கரைப் பிள்ளைகளுக்கு அது உடனே உதவும். பட்டணத்துக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையே, ஆள் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும், காலையிலும் மாலையிலும் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் புறப்படட்டும். மாகாணப் போக்குவரத்து அதிகாரசபைக்கு மனு எழுதுகிறவர்கள் 'இலவசம்' என்ற சொல்லுக்கு முன்னால் அந்தப் பத்து நிமிடத்தை எழுதுங்கள்.