ரியாத் ரயில் வேலைக்கு ரூ.3 லட்சம்! அயனாவரம் வாலிபர் தப்பியது எப்படி?

(நமது நிருபர்)

சென்னை அயனாவரத்தில் ஒரு அடகுக் கடை. சனிக்கிழமை காலை 10 மணி. கையில் மஞ்சள் பையுடன் ஒரு தாய். பைக்குள் ஒரு சங்கிலி, இரண்டு வளையல். மொத்தம் 5 பவுன். பக்கத்தில் 27 வயது மகன்.

இன்னும் ஐந்தே நிமிடம். நகை பெட்டிக்குள் போயிருக்கும். பணம் ஏஜெண்ட் கைக்குப் போயிருக்கும்.

அப்போது வாலிபரின் செல்போன் அடித்தது.

"தம்பி, பணம் கட்டிடாதே! நீ அனுப்பின காகிதத்தை இப்பத்தான் பார்த்தேன். அது வேலை விசாவே இல்லே!"

பேசியவர் எதிர் வீட்டுக்காரர். துபாயில் ரயில் சிக்னல் என்ஜினீயர். லீவில் ஊருக்கு வந்திருக்கிறார். தாயும் மகனும் நகையோடு வீடு திரும்பினார்கள்.

விவரம் வருமாறு:

ஐ.சி.எப். வீட்டுப் பிள்ளை

வாலிபரின் தந்தை பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1955-ல் பிரதமர் நேரு திறந்து வைத்த தொழிற்சாலை அது. சுவிட்சர்லாந்து கம்பெனி ஒன்றின் கூட்டுறவோடு தொடங்கியது. பிறகு இங்கே செய்த பெட்டிகளே தைவான், தான்சானியா, இலங்கை என்று கடல் தாண்டின. 2018-ல் "ரயில்-18" வெளியே வந்தது. அதுதான் பின்னர் வந்தே பாரத் ஆனது.

"பெட்டி போன ஊருக்கு நம்ம பையன் போகக் கூடாதா?" என்பது தந்தையின் ஆசை.

மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ. நான்கு வருடமாக மெட்ரோ ரயில் பணிமனையில் கான்டிராக்ட் வேலை. பிரேக், கதவு, சக்கரம் எல்லாம் கைவந்த கலை. சம்பளம்தான் கைக்கும் வாய்க்கும் சரியாகப் போகிறது.

மாடி அறை ஏஜெண்ட்

நண்பர் மூலம் ஒரு ஏஜெண்ட் அறிமுகம் ஆனார். மாடியில் ஏ.சி. அறை. சுவர் முழுக்க ரயில் படங்கள்.

"ரியாத்தில் மெட்ரோ வந்தாச்சு. ஆறு லைன், 176 கிலோமீட்டர். ஆள் போதலை" என்றாராம். அந்த விவரம் உண்மைதான். ரியாத் மெட்ரோ 2024 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. உண்மையோடு பொய்யைக் கலந்து கொடுத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

கேட்ட தொகை ரூ.3 லட்சம். "முதல்லே விசிட் விசாவிலே போங்க. அங்கே போய் மாத்திக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்.

இங்கேதான் வம்பு. விசிட் விசாவில் போய் வேலை பார்ப்பது சட்ட விரோதம். பிடிபட்டால் ஏஜெண்டுக்கு ஒன்றுமில்லை. ஜெயிலும் அபராதமும் போனவனுக்குத்தான்.

எதிர் வீட்டுக்காரர் நான்கே கேள்வி கேட்டார். வேலை கொடுக்கும் கம்பெனி எது? அந்தக் கம்பெனியின் சொந்த முகவரியிலிருந்து கடிதம் வந்ததா? உன்னை இன்டர்வியூ செய்தது யார்? ஏஜெண்டின் லைசென்ஸ் நம்பர் என்ன?

நான்குக்கும் வாலிபரிடம் பதில் இல்லை.

"அனுபவம் இருக்கு, அத்தாட்சி எங்கே?"

கதை இதோடு முடியவில்லை. அன்று மாலை அதே எதிர் வீட்டுத் திண்ணையில் நாமும் உட்கார்ந்திருந்தோம். அவர் ஐந்தாவதாக ஒரு கேள்வி கேட்டார்.

"சரி, நிஜமான கம்பெனியே வருதுன்னு வை. நாலு வருஷம் என்ன வேலை செஞ்சேன்னு எதை வச்சுக் காட்டுவே?"

வாலிபர் செல்போனில் இருந்த போட்டோக்களைக் காட்டினார். ரயில் முன்னால் நின்று எடுத்த படங்கள்.

அவர் சிரிக்கவில்லை. "இது கல்யாண ஆல்பம், தம்பி. எந்த வகை ரயில், எந்தக் கருவி, என்ன பழுது, எப்படிச் சரி செஞ்சே, தேதி, சூப்பர்வைசர் கையெழுத்து. அதுதான் உன் பாஸ்போர்ட்" என்றார்.

அவர் கதை அதற்குச் சாட்சி. டிப்ளமோ, அப்ரண்டிஸ், பிறகு டெல்லியில் மெட்ரோ வேலை, வேலை பார்த்துக்கொண்டே பி.இ., அப்புறம் சென்னை மெட்ரோ. துபாய் விமானம் ஏற 11 வருடம் ஆனது. ஏஜெண்டுக்கு ஒரு பைசா கொடுக்கவில்லை. இரண்டு இன்டர்வியூவும் கம்பெனியே நடத்தியது.

"துபாய் மெட்ரோ 2009-லிருந்தே டிரைவர் இல்லாம ஓடுது. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டமும் அதே மாதிரி ரயிலுக்காகத்தான் வடிவமைச்சது. தண்டவாள அகலமும் அதே 1,435 மில்லிமீட்டர். இங்கே ஒழுங்காக் கத்துக்கிட்டவனுக்கு அங்கே புதுசா ஒண்ணும் இல்லே" என்கிறார்.

நாட்டுக்கு நாடு வேறு சட்டம்

பிரிட்டனில் தண்டவாளத்தில் இறங்கி வேலை செய்ய தனிப் பாதுகாப்புப் பயிற்சியும் அதற்கான அட்டையும் வேண்டும். இங்கே 20 வருட சர்வீஸ் இருந்தாலும் அந்த அட்டை இல்லாமல் விட மாட்டார்கள். வேலைக்கு அழைக்கும் கம்பெனி அந்நாட்டு உள்துறை வெளியிடும் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலை யார் வேண்டுமானாலும் இன்டர்நெட்டில் பார்க்கலாம்.

ஆஸ்திரேலியாவில் குடியேற்றத்துக்கு மார்க் போடுகிறார்கள். 25 முதல் 32 வயது வரை வயதுக்கே 30 மார்க். 45 ஆகிவிட்டால் அந்த வழி மூடிவிடும். என்ஜினீயர் என்று அங்கீகாரம் வாங்க, செய்த வேலைகளில் மூன்றைப் பற்றித் தானே விரிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். காசுக்கு எழுதித் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்கள் உண்டு. காப்பி என்று தெரிந்தால் மனு தள்ளுபடி. மறுபடி மனு போடவும் தடை விழும்.

டிப்ளமோ படித்தவரை அங்கே முழு என்ஜினீயராகச் சேர்க்க மாட்டார்கள். அதற்குக் கீழே ஒரு பிரிவு இருக்கிறது. இதையெல்லாம் மாடி அறை ஏஜெண்ட் சொல்வாரா?

ஏமாந்தவர்கள் இருவர்

இவர் தப்பினார். ஆனால் அதே ஏஜெண்டிடம் பக்கத்துத் தெரு வாலிபர்கள் இருவர் முன்பணம் கட்டியிருக்கிறார்கள். ஒருவர் இருந்த வேலையையும் விட்டுவிட்டார். திங்கட்கிழமை நாம் போய்ப் பார்த்தபோது மாடி அறையில் பூட்டு தொங்கியது. ரயில் படங்கள் மட்டும் கண்ணாடி வழியே தெரிந்தன. இருவரும் வேப்பேரி கமிஷனர் அலுவலகத்துக்குப் புகார் கொண்டு போயிருக்கிறார்கள்.

வாலிபர்களே, உஷார்!

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பெயரும் நம்பரும் மத்திய அரசின் இ-மைகிரேட் இணைய தளத்தில் இருக்கும். சேவைக் கட்டணம் ரூ.30 ஆயிரமும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். மூன்று லட்சம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கிண்டியில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. அங்கே போய்க் கேட்கலாம்.

எதிர் வீட்டுக்காரர் இன்னொன்றும் சொன்னார். "போறதுன்னா சும்மா இல்லே, தம்பி. எங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த ராத்திரி நான் சுரங்கத்துலே நைட் டூட்டி. ரயில் நின்ன பிறகு கிடைக்கிற சில மணி நேரத்துலேதான் எங்க வேலை. போனை எடுக்கவே முடியலே."

வாலிபரின் தாய் இதைக் கேட்டுக்கொண்டே காபி கொண்டு வந்து வைத்தார். கையில் அந்த இரண்டு வளையல்.

மகன் இப்போது 200 பக்க நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறார். முதல் பக்கத்தில் கதவு மோட்டார் மாற்றிய வேலை. தேதி இருக்கிறது. சூப்பர்வைசர் கையெழுத்தும் இருக்கிறது.