வாயில்லா ஜீவனின் மூட்டு வலி



முட்டி வலித்தால் நாம் என்ன செய்வோம்? "டாக்டர், இங்கதான் வலிக்குது"ன்னு கையை வைத்துக் காட்டிவிடுவோம். ஒட்டகம் பாவம், என்ன செய்யும்? நொண்டும், அவ்வளவுதான். ஏன் நொண்டுகிறது என்பதை மருத்துவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். எப்படி?

முதலில் ஒரு வேடிக்கையான செய்தி. ஒட்டகத்தின் முன்னங்காலில் நாம் 'முட்டி' என்று நினைப்பது, உண்மையில் நம் மணிக்கட்டுக்குச் சமமான மூட்டு! படுக்கும்போது அதைத்தான் முதலில் மடக்கித் தரையில் ஊன்றும்.

மூட்டுக்குள் சைனோவியல் திரவம் இருக்கிறது. கதவுக் கீலுக்கு எண்ணெய் எப்படியோ, மூட்டுக்கு இது அப்படி. மருத்துவர் ஊசியால் இதில் கொஞ்சம் எடுத்து, விரல்களுக்கு நடுவே இழுத்துப் பார்ப்பார். நல்ல மூட்டு என்றால் கம்பிப் பதப் பாகு மாதிரி நூலாக நீளும். அழற்சி இருந்தால் நீர்த்துப்போய்த் தண்ணீர் மாதிரி சொட்டும். திரவத்துக்குக் கொழகொழப்பைத் தரும் ஹையலூரானிக் அமிலம் சிதைந்துவிடுவதுதான் காரணம்.

பிறகு ஆய்வகத்தில் சில அடையாளங்களைத் தேடுவார்கள்.

* கிருமி புகுந்திருந்தால்: திரவம் கலங்கும். சாதாரணமாகக் கொஞ்சமே இருக்கும் வெள்ளை அணுக்கள் பல மடங்கு பெருகும். புரதம் கூடும், சர்க்கரை குறையும்.
* வெறும் தேய்மானம் என்றால்: வெள்ளை அணுக்கள் அவ்வளவாகக் கூடாது. குருத்தெலும்பை அரிக்கும் நொதிகளும் உடைந்த துணுக்குகளும் தென்படும்.

இரண்டுக்கும் நொண்டல் ஒன்றுதானே, எதுவாக இருந்தால் என்ன என்கிறீர்களா? அங்கேதான் விஷயம் இருக்கு! தேய்மானத்துக்கு ஓய்வும் வலி மருந்தும் வேண்டும். கிருமி என்றால் உடனே மூட்டைக் கழுவி, ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். "ஓய்வு கொடுத்தா போதும்"னு விட்டால், சில நாட்களிலேயே குருத்தெலும்பு அரிந்துவிடும். அரிந்தது பழையபடி வளராது.

அரபு நாடுகளில் பந்தயத்தில் ஓடும் ஒட்டகங்களுக்குத் தேய்மானம் வருகிறது. பிறந்த குட்டிகளுக்கோ தொப்புள் கொடி வழியே புகும் கிருமி, ரத்தத்தில் கலந்து மூட்டுக்குப் போய்விடுகிறது. தாய் ஒட்டகம் சுமார் 13 மாதம் சுமந்து பெறுவது பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி! ராஜஸ்தானில் ஒட்டகம் வளர்க்கும் ரைக்கா மக்களுக்கு அதுதான் சொத்து. கால்நடைக் கணக்கெடுப்பின்படி 2012-ல் இந்தியாவில் சுமார் 4 லட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2019-ல் சுமார் இரண்டரை லட்சம்தான். மேய்ச்சல் நிலம் சுருங்கியது, மோட்டார் வண்டிகள் வந்தது எனக் காரணங்கள் வேறு. ஆனாலும், எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வொரு குட்டியும் முக்கியம் அல்லவா?

நம் வீட்டு ஆடோ, மாடோ, நாயோ நொண்டினால் "தானா சரியாயிடும்"னு விட்டுடாதீங்க. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குச் சொல்லத் தெரியாது, நாம்தான் கவனிக்க வேண்டும்!