பெயிண்டுக்கு அடியில் இருக்கும் ஈரம்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் சென்னை, கடலூர், நாகை என்று கடலோர ஊர்களின் பல வீடுகளில் ஒரே கதைதான். பீரோவைச் சற்று நகர்த்தினால் பின்சுவரில் சாம்பலும் பச்சையுமாகப் புள்ளிகள் படர்ந்திருக்கும். அடித்தட்டில் மடித்து வைத்த கம்பளியில் மாவு தூவியது போல ஒரு படலம். கதவைத் திறந்ததும் மக்கிய வாடை மூக்கில் ஏறும். "மழைக்காலம்னா பூசணம் பிடிக்கத்தான் செய்யும்" என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பொங்கலுக்கு ஒரு கோட் பெயிண்ட் அடிக்கிறோம். அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில், ஏறக்குறைய அதே வடிவில் திரும்ப வந்துவிடுகிறது.

வராமல் தடுக்க முடியும். ஆனால் கறையோடு மட்டும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் முடியாது. அந்தச் சுவருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். வீட்டில் இழுப்பு உள்ள குழந்தையோ, வயதானவரோ இருந்தால் இந்தத் தேடலை ஒரு மழைக்காலம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

ஈரம் இருந்தால் போதும்

பூஞ்சையின் வித்துகள் காற்றில் எப்போதும் இருக்கின்றன. அவற்றை முழுதாக ஒழிக்க எந்த மருந்தாலும் ஆகாது. அதற்கு உணவும் நம் வீட்டில் தாராளம்: ஒட்டுப்பலகையின் பசை, அட்டைப்பெட்டி, பருத்தித் துணி, சமையலறைச் சுவரில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு எல்லாமே அதற்குத் தீனி. நம் ஊர் வெப்பமோ ஆண்டு முழுக்க அதற்குத் தோதானது. ஆகவே நம் கட்டுப்பாட்டில் மிச்சமிருப்பது ஈரம் ஒன்றுதான்.

நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிப்பதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் நாள்கணக்கில் நின்ற தரைத்தள வீடுகளில் அந்தக் கெடு தாண்டிப்போய்விட்டது. வெளியே வெயில் அடிக்கத் தொடங்கிய பிறகும் அந்த வீடுகளுக்குள் வாடை போகாததற்குக் காரணம் அதுதான். வெள்ளநீரில் சாக்கடையும் கலந்திருக்கும் என்பதால், முழுகிய மெத்தை, தலையணை, சோபாவைக் காயவைத்து மீட்கப் பார்க்க வேண்டாம். விலை கொடுத்து வாங்கியதைத் தூக்கிப் போடுவது வலிக்கும்தான். மூச்சுக்குழல் பாதிக்கப்பட்டால் ஆகும் செலவு அதைவிடப் பெரிது.

வீட்டுக்குள் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது என்பது பொதுவான அறிவுரை. கார்த்திகை மாதத்துச் சென்னையில் வெளிக்காற்றிலேயே அது 80-ஐத் தாண்டும் நாட்கள் உண்டு. அதனால் குளிர்நாடுகளுக்கு எழுதிய யோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. காற்றின் ஈரத்தை நம்மால் பெரிதாகக் குறைக்க முடியாதபோது, சுவரும் துணியும் மரமும் நனையாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

மூச்சுக்கு வரும் தொல்லை

ஈரமும் பூஞ்சையும் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2009-இல் தனியாகவே ஒரு வழிகாட்டு நூல் வெளியிட்டது. ஈரம் ஏறிய வீடுகளில் வசிப்பவர்களுக்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா, மூச்சுப்பாதைத் தொற்று ஆகியவை கூடுதலாக வருகின்றன என்பது அதன் சாரம். அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு என்று தொடங்குவதைப் பலர் 'சளி பிடிச்சிருக்கு' என்று விட்டுவிடுகிறார்கள். இதில் கவனிக்க வேண்டிய தடயம் ஒன்று உண்டு. விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போனால் குழந்தையின் இருமல் நின்று, திரும்பி வந்த சில நாட்களில் மறுபடி ஆரம்பித்தால், மருந்துச்சீட்டோடு சேர்த்து வீட்டுச் சுவரையும் பார்க்க வேண்டும்.

ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் மேல் கடும் ஒவ்வாமை உண்டாகிறது. சளி கெட்டிப்பட்டு மூச்சுக்குழாய்களை அடைத்து, நாளடைவில் அவற்றை நிரந்தரமாகச் சேதப்படுத்தும். நெஞ்சு எக்ஸ்ரேயில் இது காசநோய் போலத் தெரிவதால், காசநோய் மருந்து தவறாகக் கொடுக்கப்படுவதும் நம் நாட்டில் நடக்கிறது. இன்ஹேலர் ஒழுங்காக எடுத்தும் இளைப்பு அடங்கவில்லை, பழுப்பு நிறத்தில் கட்டிச்சளி வருகிறது என்றால் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் ஈரம் இருப்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு இந்தப் பூஞ்சையே நுரையீரலுக்குள் வளர்ந்து உயிரை எடுக்கும் தொற்றாக மாறக்கூடும். பூஞ்சை பிடித்த அறையில் அவர்கள் படுக்கவும் கூடாது, அதைச் சுத்தம் செய்யவும் கூடாது.

2021-க்குப் பிறகு சுவரில் கறுப்பாக எதைப் பார்த்தாலும் 'கறுப்புப் பூஞ்சை' என்று நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கொரோனா காலத்து மியூகார்மைகோசிஸ் பெரும்பாலும் கட்டுக்கடங்காத சர்க்கரையும், அளவுக்கு மீறிய ஸ்டீராய்டும் சேர்ந்தவர்களைத் தாக்கிய நோய். குளியலறைச் சுவரின் கறுப்பு பொதுவாக வேறு இனங்களைச் சேர்ந்தது. நிறத்தை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. என்ன இனம் என்று பரிசோதனைக்கு அனுப்பிக் காசு செலவழிக்கவும் தேவையில்லை. எந்த நிறமானாலும், எந்த இனமானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

கறை சொல்லும் செய்தி

முதலில் அது பூஞ்சைதானா என்று பாருங்கள். சுவரில் வெள்ளையாகப் பொரிந்து பெயிண்ட்டைத் தள்ளிக்கொண்டு வருவது பல நேரம் உப்பு. சிறிதளவு சுரண்டித் தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்துவிடும், பூஞ்சை கரையாது. உப்பு என்றாலும் நிம்மதி கொள்ள வேண்டாம். சுவருக்குள் தண்ணீர் நடமாடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்து, கறை இருக்கும் இடம். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பட்டையாக ஓதம் அடித்திருந்தால், தண்ணீர் மண்ணிலிருந்து ஏறுகிறது. அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் பூச்சு போடாத பழைய வீடுகளில் இது சகஜம். தெருவைச் சுரண்டாமல் தார் மேல் தார் போட்டு உயர்த்தியதால் பள்ளத்தில் இறங்கிவிட்ட வீடுகளிலும் இதையே பார்க்கலாம். சுவரை ஒட்டிப் பூச்செடிக்காக மண் குவித்திருந்தால் அதை இன்றைக்கே அகற்றலாம்.

கூரையை ஒட்டிய மூலையில் கறை என்றால் மொட்டை மாடிக்கு ஏறுங்கள். மழைநீர்க் குழாயின் வாயை இலையும் பாலித்தீன் பையும் அடைத்திருக்கிறதா, தளத்தில் வாட்டம் சரியாக இருக்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். கறைக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கான்கிரீட்டுக்குள் ஒயர் செல்லும் குழாய் வழியாகத் தண்ணீர் நகர்ந்து, அறையின் நடுவில் ஃபேன் கொக்கியருகே சொட்டுவது உண்டு. அப்படிச் சொட்டினால் அந்த அறையின் மின்சாரத்தை உடனே நிறுத்திவிட வேண்டும்.

சித்திரை வெயிலிலும் காயாத கறை மழையால் வந்ததல்ல. குளியலறையின் மறுபக்கச் சுவரில்தான் இதைப் பெரும்பாலும் பார்க்கலாம். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். மோட்டார் போடாமல் காலையில் பார்க்கும்போது மட்டம் இறங்கியிருந்தால், சுவருக்குள் போகும் குழாய் கசிகிறது. இறங்கவில்லை என்றால் டைல்ஸ் இடைவெளியோ, கழிவுநீர்க் குழாயின் இணைப்போதான் காரணமாக இருக்கும். இந்த ஒரு இரவுச் சோதனையைச் செய்யாமல் டைல்ஸ் முழுவதையும் பெயர்த்துப் போட்டவர்கள் ஏராளம்.

ஜன்னலின் மேல் மூலைகள் என்றால் சன்ஷேடில் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். பீரோவுக்குப் பின்னால் என்றால் காற்றோட்டம் இல்லாதது ஒரு காரணம், ஆனால் அது மட்டுமே காரணமா என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. சமையலறை அலுமினியத் தாளில் ஒரு முழம் வெட்டி, சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்று புகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரிக்கும்போது, சுவரைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம்தான் சுவரில் படிகிறது. முன்னதற்குக் கொத்தனார் வேண்டும், பின்னதற்குப் பழக்க மாற்றம் போதும்.

ஏசி அறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 18 டிகிரியில் வைத்துச் சில்லிட்ட சுவரின் மறுபக்கம் ஏசி இல்லாத கூடம் இருந்தால், கூடத்தின் ஈரக்காற்று அந்தச் சுவரில் பட்டு நீராகப் படியும். பூஞ்சை வருவது கூடத்துச் சுவரில், காரணமோ படுக்கையறையில். 25, 26 டிகிரியில் வைத்தாலே இது வெகுவாகக் குறைந்துவிடும்.

சுத்தம் செய்யும் முறை

உலர்ந்த பிரஷ்ஷால் சுரண்டுவதும், பெருக்குமாற்றால் தட்டுவதும்தான் மிகப் பெரிய கெடுதல். லட்சக்கணக்கான வித்துகளை நாமே வீடு முழுக்கத் தூவிவிடுகிறோம். குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, அறைக்கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, ஃபேனை நிறுத்திவிடுங்கள். என்95 முகக்கவசமும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். கறையை முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, பிறகே தேய்க்க வேண்டும். பாத்திரம் துலக்கும் திரவமோ, துணி சோப்புத் தூளோ போதும். தேய்த்த துணியை அலசி வைத்துக்கொள்ள வேண்டாம், பையில் கட்டி எறிந்துவிடுங்கள். பிறகு ஃபேன் போட்டுச் சுவரை நன்றாகக் காயவைக்க வேண்டும். கறை மூன்றடிக்கு மூன்றடி அளவைத் தாண்டிப் பரவியிருந்தால், தகுந்த பாதுகாப்போடு இந்த வேலை செய்பவர்களிடம் விடுவது நல்லது.

பிளீச்சிங் பவுடர் கரைசல் டைல்ஸ் போன்ற வழவழப்பான பரப்பில் வேலை செய்யும். சிமென்ட் சுவரில் மேல்நிறத்தை வெளுக்கவைத்துவிட்டு, உள்ளே இருப்பதை விட்டுவிடும். செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும் என்பதால் கொல்வதைவிட அகற்றுவதுதான் முக்கியம். இன்னொன்றை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன்: குளியலறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், ஒன்றன்பின் ஒன்றாகக்கூட ஊற்றாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திய சின்னக் குளியலறையில் அது நுரையீரலைப் பொசுக்கிவிடும்.

துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடலாம். பட்டுப்புடவையை நனைக்காமல், நிழலில் காற்றாட விரித்து, மென்மையான துணியால் வீட்டுக்கு வெளியே துடைத்தெடுங்கள். அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு அல்ல. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள பச்சிளம் குழந்தைகளுக்கு அந்துருண்டையோடு வைத்த துணியே ரத்த அணுக்களைச் சிதைத்துவிடக்கூடும். சாம்பிராணி போட்டால் வாடை மறையும், பூஞ்சை மறையாது. இழுப்பு உள்ளவருக்கு அந்தப் புகையே கூடுதல் தொந்தரவு.

சுண்ணாம்பு அடித்த காலம்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து சுவர் காயத் தொடங்கும் மார்கழிக் கடைசியில், பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடிக்கும் வழக்கத்தில் ஆழ்ந்த விவேகம் இருக்கிறது. சுண்ணாம்பின் கடுமையான காரத்தன்மையில் பூஞ்சை வளர முடியாது. காற்றுப் பட்டு அந்தக் காரம் மெல்லக் குறைந்துவிடும், அதனால் ஆண்டுக்கொரு முறை புதுப்பித்தார்கள். சுண்ணாம்புச் சுவர் உள்ளே ஏறிய ஈரத்தை வெளியே விட்டும்விடும். ஈரம் காயாத சுவரில் பட்டியும் எமல்ஷனும் பூசினால் அந்த வழி அடைபட்டு, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். இன்றைய வீட்டில் எல்லா அறைக்கும் சுண்ணாம்பு சாத்தியமில்லை. ஸ்டோர் ரூம், மாடிப்படி அடி, பின்கட்டுச் சுவர் ஆகிய இடங்களிலாவது அடிக்கலாம். பெயிண்ட்தான் வேண்டுமென்றால் கசிவை அடைத்து, பல வாரங்கள் காயவிட்டு, அதன் பிறகு அடியுங்கள். மொட்டை மாடி, வெளிச்சுவர் விரிசல் வேலைகளை மாசியிலிருந்து வைகாசிக்குள் முடித்துவிடுவது உத்தமம்.

தினசரி செய்ய வேண்டியது அதிகமில்லை. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். குளித்து முடித்த பிறகும் அரை மணி நேரம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். குக்கர் ஆவி வெளியேற வழி விடுங்கள். மழை நாட்களில் ஈரத்துணியைப் படுக்கையறைக்குள் கொடி கட்டிக் காயப்போட்டால் லிட்டர் கணக்கில் தண்ணீர் அந்த அறைக் காற்றில்தான் சேரும். வேறு இடமே இல்லையென்றால் ஓர் அறையை ஒதுக்கி, ஃபேன் போட்டு, அதன் கதவைச் சாத்தி வையுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு

"நீங்க ஜன்னலையே திறக்கிறதில்லை, அதான் பூசணம்" என்று வீட்டுக்காரர் சொல்வது பல குடித்தனக்காரர்கள் கேட்டுப் பழகிய பதில். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை மூச்சுத்திணறி இறந்தது. பூஞ்சையைப் பற்றிப் பெற்றோர் பலமுறை முறையிட்டும், குடும்பத்தின் பழக்கவழக்கமே காரணம் என்று குடியிருப்பின் நிர்வாகம் தட்டிக்கழித்திருந்தது. வீட்டுப் பூஞ்சையை நெடுநாள் சுவாசித்ததே மரணத்துக்குக் காரணம் என்று 2022-இல் விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அந்தக் குழந்தையின் பெயராலேயே 2023-இல் சட்டம் வந்தது. அங்கே சமூகக் குடியிருப்புகளின் நிர்வாகம் ஈரத்தையும் பூஞ்சையையும் குறித்த கெடுவுக்குள் சரிசெய்தாக வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, கட்டுமானப் பழுதும் குழாய் மாற்றுவதும் சுவருக்கு வெள்ளையடிப்பதும் பொதுவாக வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. அலுமினியத் தாள் சோதனையையும் மேல்தொட்டிச் சோதனையையும் செய்து, தேதி தெரியும்படி படம் எடுத்து, வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் அனுப்புங்கள். குழந்தைக்கு இழுப்பு இருந்தால் மருத்துவரின் குறிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிகிறவரை குழந்தையின் கட்டிலை அந்த அறையிலிருந்து மாற்றிவிடுங்கள். மாற்ற வேறு அறை இல்லையென்றால் எதிர்ச்சுவர்ப் பக்கமாவது நகர்த்திப் போடுங்கள்.