காமாலை காட்டாத கல்லீரல் நோய்

மலேசியாவின் சித்தியவான், ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கல்லீரல் நோய் என்றால் இரண்டே தான். ஒன்று மஞ்சள் காமாலை, மற்றது சம்சு குடித்துக் கெட்ட ஈரல். கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார்கள். சில வாரங்களில் ஆள் தேறிவிடுவார். ஹெப்பாடைட்டிஸ் ஏ கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும். பெயர் மட்டும் கீழாநெல்லிக்குப் போனது.

விஞ்ஞானிகளும் அந்தச் செடியைச் சோதித்துப் பார்த்தார்கள். சென்னையின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெப்பாடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பெற்ற புளும்பெர்க்குடன் சேர்ந்து, 1988இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. பி கிருமிக்கு மலேசியாவில் கை கொடுத்தது தடுப்பூசிதான். 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு அது போடப்படுகிறது.

சத்தமில்லாத சி

ஹெப்பாடைட்டிஸ் சி வேறு ரகம். இதற்குத் தடுப்பூசி இல்லை. காமாலையும் பெரும்பாலும் வராது. தொற்றியவர்களில் பத்துக்கு மூவர் அளவில் தானாகக் குணமாகிறார்கள். மற்றவர்களின் உடலில் கிருமி தங்கிவிடுகிறது. அவர்களில் 15 முதல் 30 விழுக்காட்டினருக்கு இருபது ஆண்டுகளுக்குள் கல்லீரல் சுருக்கம் வரக்கூடும். வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கும்போதுதான் பலருக்கும் தெரியவருகிறது. ஒரு சொட்டு மது தொடாதவருக்கும் இது வரும். ஏனென்றால் இது ரத்தத்தின் வழியாகப் பரவுவது.

முன்பு இதற்கு வாராவாரம் இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் கொடுத்தார்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று இழுக்கும் வைத்தியம். காய்ச்சல், சோர்வு, மனத்தளர்ச்சி என்று பக்கவிளைவுகள் வேறு. 2013இல் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை வந்தது. வேறொரு மாத்திரையோடு சேர்த்துப் பன்னிரண்டு வாரம் சாப்பிட்டால் நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். ஆனால் அப்போது அமெரிக்காவில் ஒரு மாத்திரையின் விலை ஆயிரம் டாலராக இருந்தது!

மலேசியா எடுத்த முடிவு

ஏழை நாடுகளுக்கு இந்த மருந்தை மலிவாகத் தயாரிக்க, அதன் காப்புரிமையை வைத்திருந்த கிலியட் நிறுவனம் உரிமம் கொடுத்தபோது, நடுத்தர வருமான நாடு என்று மலேசியாவை ஒதுக்கியது. 2017 செப்டம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் டாக்டர் எஸ். சுப்பிரமணியம், காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவைப் பயன்படுத்தி மலிவு மருந்தை வாங்கப்போவதாக அறிவித்தார். 2018 முதல் அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை இலவசம். அடுத்து, எகிப்தின் ஃபார்கோ, நம் ஃபார்மானியாகா ஆகிய நிறுவனங்கள் உருவாக்கத்தில் பங்கேற்ற ரவிடாஸ்விர் என்ற மருந்து 2021இல் இங்கே பதிவானது. மலேசியாவிலும் தாய்லாந்திலும் நடந்த பரிசோதனையில் 97 விழுக்காட்டினர் குணமானார்கள்.

விலை என்ற பூட்டு திறந்தாயிற்று. இன்னும் நிற்பது வெட்கம். ‘போதை ஊசிக்காரன் நோய்’ என்ற பேச்சுக்குப் பயந்து பலர் பரிசோதனைப் பக்கமே போவதில்லை.

1994க்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ஒரு முறையேனும் பிறர் பயன்படுத்திய ஊசியைப் பயன்படுத்தியவர்கள், சுத்தமில்லாத ஊசியால் பச்சை குத்திக்கொண்டவர்கள் ஆகியோர் அரசாங்கக் கிளினிக்கில் கேட்டால் போதும். விரல் நுனி ரத்தத்திலேயே முதல் சோதனை முடியும். அதில் ‘பாசிட்டிவ்’ வந்தால் பயம் வேண்டாம். கிருமி இப்போதும் இருக்கிறதா என்று இன்னொரு ரத்தச் சோதனை சொல்லும். குணமானவருக்கும் மறுபடி தொற்றலாம். ஏற்கெனவே ஈரல் சுருங்கியவர்கள், கிருமி போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும்.