ஆட்டோ டிரைவர் மகள் அமெரிக்கா போன கதை

வெளிநாட்டுக்கு விளையாட்டுப் போட்டி பார்க்கப் போகிறவர்கள் உண்டு. பிரிட்டனில் "தி ஓப்பன்" என்ற பெரிய கோல்ப் போட்டி நடக்கிறது. அதற்கு முந்தின ஆண்டே டிக்கெட் குலுக்கல் தொடங்கிவிடும். டிக்கெட் விழுந்ததும் விமானம், ஓட்டல், ஊர் சுற்றல் எல்லாவற்றையும் அந்தத் தேதியை வைத்தே திட்டம் போடுவார்கள்.

கோல்ப் மைதானத்தில் 18 குழிகள். ஏக்கர் கணக்கில் புல்வெளி வேண்டும்.

வட சென்னையின் ஆட்டத்துக்கு 4 குழிகள் போதும். 74 சென்டி மீட்டர் சதுரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதுதான் கேரம்!

கேரத்துக்கும் உலகக் கோப்பை உண்டு. 2024-ம் ஆண்டு நவம்பர் மாதம் அது அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் நடந்தது. அதில் ஆடுவதற்குப் புது வண்ணாரப்பேட்டையில் இருந்து ஒரு பெண் புறப்பட்டார். பெயர் காசிமா. அப்போது அவருக்கு வயது 17. தந்தை ஆட்டோ டிரைவர்.

ஆட்டோவில் போகிற தூரமா அது? ஏறத்தாழ 14 ஆயிரம் கிலோ மீட்டர்!

லாரிச் சத்தத்துக்கு நடுவே...

புது வண்ணாரப்பேட்டைக்கு ஒரு பக்கம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். தெற்கே ராயபுரம். வடக்கே போனால் திருவொற்றியூர், எண்ணூர். சாலையில் இரவும் பகலும் கண்டெய்னர் லாரிகள்.

இங்கே பிள்ளைகள் ஓடி விளையாட இடம் குறைவு. கேரத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு பலகை, தலைக்கு மேல் ஒரு விளக்கு, கொஞ்சம் பவுடர். தெருமுனைக் கொட்டகையே கிளப் ஆகிவிடும்.

ஆட்டமும் எளிது. வெள்ளைக் காய் 9, கறுப்புக் காய் 9, சிவப்பு 1. சிவப்புக்கு 3 புள்ளி. முதலில் 25 புள்ளி எடுப்பவர் வெற்றி பெறுவார். 8 போர்டு ஆடியும் யாரும் அதை எட்டாவிட்டால், அதிகப் புள்ளி எடுத்தவர் வெற்றி பெறுவார். ஸ்டிரைக்கரின் எடை 15 கிராமைத் தாண்டக் கூடாது. அந்த 15 கிராமை நம்பி உலகத்தைச் சுற்றி வந்தவர்கள் சென்னையில் இருக்கிறார்கள்.

சர்வதேச கேரம் சம்மேளனமே 1988-ம் ஆண்டு சென்னையில்தான் பிறந்தது. சென்னைக்காரரான மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலகச் சாம்பியன் ஆனார். அர்ஜுனா விருதும் பெற்றார்.

வியாசர்பாடி இளவழகியின் தந்தை மீன் வண்டி ஓட்டியவர். அவருடைய மகள் 2008-ம் ஆண்டு பிரான்சு நாட்டில் கேன்ஸ் நகரில் உலகப் பட்டம் வென்றார். உலக சினிமா நட்சத்திரங்கள் கூடுகிற அதே மாளிகையில்!

டிக்கெட் யார் தருவது?

இந்திய அணியில் இடம் பிடிப்பது திறமையைப் பொறுத்தது. விமானத்தில் இடம் பிடிப்பதோ பணத்தைப் பொறுத்தது.

கிரிக்கெட் வீரர் விமான டிக்கெட்டைப் பற்றி நினைப்பதே இல்லை. கேரம் ஒலிம்பிக்கில் இல்லை. டெலிவிஷன் பணமும் கிடையாது. ஆகவே வீட்டுக்காரர்கள்தான் கணக்குப் போட வேண்டும்.

முதலில் பாஸ்போர்ட். அடுத்தது விசா. அண்ணா மேம்பாலம் அருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேரில் பதில் சொல்ல வேண்டும். 2024-ல் விசா கட்டணம் 185 டாலர். நம் பணத்தில் 15 ஆயிரம் ரூபாய்க்கு மேல். விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பி வராது.

"போட்டி முடிந்ததும் ஊர் திரும்புவீர்களா?" இதுதான் அங்கே முக்கியமான கேள்வி. நிலம் வைத்திருப்பவர் பத்திரத்தைக் காட்டுவார். வேலையில் இருப்பவர் சம்பளச் சீட்டைக் காட்டுவார். பள்ளி வயதுப் பெண் எதைக் காட்டுவாள்? சம்மேளனத்தின் கடிதத்தையும், போட்டி அழைப்பையும், வென்ற சான்றிதழ்களையும் காட்டலாம்.

அதற்குப் பிறகுதான் விமானம். சென்னையில் இருந்து கலிபோர்னியாவுக்கு நேர் விமானம் இல்லை. வழியில் இறங்கி மாற வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. விசா வருமுன் டிக்கெட் வாங்கினால் பணம் வீணாகலாம். விசா வந்த பிறகு வாங்கினால் விலை ஏறியிருக்கலாம். பணக்காரருக்கு இது சின்னத் தலைவலி. ஆட்டோ டிரைவர் வீட்டில் இது இராத் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம்.

காசிமாவின் பயணத்துக்குத் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை மூலம் ஒன்றரை லட்சம் ரூபாய் கிடைத்தது.

அது எவ்வளவு பெரிய பணம்? ஆட்டோவுக்கு அரசு 2013-ம் ஆண்டு நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கிலோ மீட்டருக்கு 25 ரூபாய். அதற்கு மேல் கிலோ மீட்டருக்கு 12 ரூபாய். கிலோ மீட்டருக்கு 12 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை லட்சம் சேர்க்க 12 ஆயிரத்து 500 கிலோ மீட்டர் ஆட்டோ ஓட்ட வேண்டும். பெட்ரோல், சாப்பாடு எதையும் கழிக்காமல்! கிட்டத்தட்ட அமெரிக்காவுக்கே ஆட்டோ ஓட்டின மாதிரி!

இரவு பகலாக மாறும்

கோல்ப் பார்க்கப் போகிறவர் அலுப்பாக இருந்தால் ஓட்டலில் படுத்துத் தூங்கலாம். ஆடப் போகிறவர் அப்படித் தூங்க முடியாது.

நவம்பரில் கலிபோர்னியா கடிகாரம் நம்மைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது. அங்கே காலை 9 மணிக்குப் பலகை முன் உட்கார்ந்தால், உடம்புக்கு அது நம் ஊர் இரவு பத்தரை மணி. கண் சொக்கும். குளிரில் விரல் விறைக்கும்.

பலகையும் இடத்துக்கு இடம் மாறும். கடலோர ஈரக் காற்றில் காய் மந்தமாக ஓடும். உலர்ந்த அறையில் வழுக்கிக்கொண்டு பறக்கும். பழகின விரல் அளவு எல்லாம் புதிதாகப் பழக வேண்டும்.

பவுடர் விஷயத்திலும் ஜாக்கிரதை தேவை. அமெரிக்கா போகும் விமானத்தில் 350 மில்லி லிட்டருக்கு மேல் எந்தப் பொடியையும் கையில் கொண்டு போனால் தனிச் சோதனை உண்டு. வெள்ளைப் பொடி டப்பாவைப் பார்த்த அதிகாரியிடம் கேரம் பற்றிப் பாடம் நடத்த வேண்டி வரும்! அதைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவதே நல்லது.

மூன்று தங்கம்!

காசிமா போனார், ஆடினார், ஜெயித்தார். பெண்கள் தனிநபர் ஆட்டம், இரட்டையர், குழு ஆட்டம் மூன்றிலும் தங்கப் பதக்கம்!

பின்னர் தமிழக அரசு அவருக்கு 1 கோடி ரூபாய் வழங்கியது. பயணத்துக்குக் கிடைத்ததைப் போல 66 மடங்கு! ஜெயித்த பின் வரும் பணம் பெரிது. புறப்படுமுன் வேண்டிய பணம் சிறிது. ஆனால் கிடைப்பதற்கு அதிகக் கஷ்டமானது அந்தச் சிறிய பணம்தான்.

மாநிலப் போட்டியில் ஆடும் பிள்ளை வீட்டில் இருந்தால், பாஸ்போர்ட்டையாவது முன்கூட்டியே எடுத்து வைக்கலாம். 18 வயது ஆகாதவருக்குக் கட்டணம் 1,000 ரூபாய். தாய், தந்தை சம்மதம் வேண்டும். சென்னையில் அமைந்தகரை, சாலிகிராமம், தாம்பரம் ஆகிய இடங்களில் பாஸ்போர்ட் சேவை மையங்கள் இருக்கின்றன.

புது வண்ணாரப்பேட்டையில் இருந்து அமைந்தகரைக்கு ஆட்டோவிலேயே போய் வரலாம்.