லயத்துக் கதைகள் – 9: காமன் பொட்டலில் ஒரு மடி

சென்ற வாரம் தாலாட்டோடு நிறுத்தியிருந்தேன். தாலாட்டில் உறங்கிய பிள்ளையைத் தப்பு அடித்து எழுப்புவது காமன் கூத்து.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றுவார்கள். கண்டிச் சீமைத் தோட்டங்களில் அதன்பின் பௌர்ணமிவரை மன்மதன் பேச்சுத்தான்.

தெல்தோட்டைப் பக்கம் எங்கள் தோட்டம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தூரமில்லை. டெய்லரின் பெயர் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். ரதி வேஷம் கட்டியவர்களின் பெயர்தான் எங்கும் எழுதப்படவில்லை.

அம்மாயி என்னை மடியில் போட்டுக் கம்பளியால் மூடியிருப்பாள். பொட்டலின் ஓரத்தில் நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சுவார்கள். தோல் இறுக இறுகச் சத்தம் ஏறும். அப்போது எனக்கு ஐந்து வயது. சூட்டுக்கும் சுதிக்கும் உள்ள உறவை அங்கே காதால் படித்தேன். சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுவான். போகாதே என்று ரதி மறிப்பாள். பகலில் கவ்வாத்துக் கத்தி பிடிக்கும் அண்ணன்தான் அந்த ரதி என்று தெரிந்தும் அழுதோம். எமன் வந்தால் அலறி மடிக்குள் புதைந்தோம். சின்னஞ்சிறுசுகள் பயப்படும், கூட்டிவர வேண்டாம் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். மடியில் இருந்துகொண்டு பயப்படுவது நல்லது என்றே நான் நம்புகிறேன்.

கண்டியில் சிங்களப் பிள்ளைகள் பள்ளியிலேயே கண்டிய நடனம் பயில்கிறார்கள். எசல பெரஹராவில் சிறுவர்கள் ஆடிவருவது கண்கொள்ளாக் காட்சி. எங்கள் பிள்ளைகளுக்குப் பரதம் கிடைக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் தப்பு வகுப்பறை வாசலிலேயே நிற்கிறது. சாவு வீட்டுக் கொட்டு, இன்ன சாதி தொடுவது என்று அதை ஒதுக்கியவர்கள் நாம்தான். அந்தக் குற்றத்தைப் பிள்ளைகள் தலையில் சுமத்தக் கூடாது.

சி.வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டுப் பாடல்கள் 1983இல் நூலாயின. கம்பளைக்கு அருகே ஒரு பழைய லயத்தையே தொழிலாளர் நூதனசாலையாக்கி, முன்னோர் புழங்கிய பொருள்களைக் காத்து வருகிறார்கள். இரண்டும் பெரிய காரியங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கோ பாடுகிற வாயும் தொடுவதற்குத் தோலும் வேண்டும். முன்பள்ளி ஆசிரியைகளே, மாசியில் ஒருநாள் தப்புக்காரரைப் பிள்ளைக் காம்பராவுக்கு அழையுங்கள். அவர் தப்பைக் காய்ச்சட்டும். அரிதாரத்தைப் பிள்ளைகளே குழைக்கட்டும், எமனை அவர்கள் கண்டபடி வரையட்டும். போட்டி மேடைக்காக ஐந்து நிமிடமாக நறுக்கிவிடாதீர்கள்.

காமனை எரித்த இரவு, "செத்துட்டானா அம்மாயி?" என்றேன்.

"இல்லடா. உசுரு குடுத்துட்டாரு சிவன். ஆனா ரதி கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவான்."

மறுநாள் கவ்வாத்து மலைக்கு ஓடி அந்த அண்ணனிடம், "ஒங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்டேன்.

கத்தியை நிறுத்தாமலே, "தெரியுது" என்றார்.